ஊர்ப்பெயர் கையில் வரும்வரை கடல் தாண்ட வேண்டாம்: இங்கிலாந்து, அயர்லாந்து முன்னோரைத் தேடும் வழி

கேள்வி இதுதான். இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்துப் பிரஸ்டனில் குடியிருக்கும் ஒரு தமிழ்ப் பெண் எழுதியிருக்கிறார். கணவர் ஆங்கிலேயர். மாமனார் வழியில் எல்லாரும் கிழக்கு இங்கிலாந்தின் நார்ஃபோக் பக்கத்து விவசாயக் கூலிகள். மாமியார் வழி கத்தோலிக்கர்கள். மாமியாரின் தாத்தா 1884 வாக்கில் பிரஸ்டனில் பிறந்தவர். அந்தத் தாத்தாவின் அப்பா அயர்லாந்தின் மேயோவிலிருந்து பஞ்சாலை வேலைக்கு வந்தவர் என்று வீட்டில் ஒரு பேச்சு உண்டு, ஊர்ப்பெயர் யாருக்கும் தெரியாது. "என் பக்கத்துக் கதையைச் சொல்ல மகளுக்கு எங்கள் அப்பத்தா இருக்கிறார். அவள் அப்பா பக்கத்துக்கு நான் எங்கே போவது? அயர்லாந்து ஆவணம் எல்லாம் எரிந்துபோயிற்று, தேடிப் பலனில்லை என்கிறார்களே?"

எரிந்தது உண்மை. தேடிப் பலனில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். 1922 ஜூன் 30 அன்று, அங்கே நடந்த உள்நாட்டுப் போரின் நடுவில், டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்தில் இருந்த அரசு ஆவணக் காப்பகம் வெடித்துத் தீப்பிடித்தது. 1821 முதல் 1851 வரை எடுத்த நான்கு சென்சஸ்களின் தாள்களில் பெரும்பகுதி அன்று போயிற்று. பல நூற்றாண்டு உயில்கள் போயின. அயர்லாந்து திருச்சபை என்கிற ப்ராட்டஸ்டன்ட் கோவில்கள் பாதுகாப்புக்காக அங்கே அனுப்பி வைத்திருந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பதிந்த ஏடுகளும் போயின. ஆனால் உங்கள் மாமியார் வீட்டார் கத்தோலிக்கக் குடியானவர்கள். பங்கு என்றால் ஒரு கோவிலைச் சேர்ந்த பகுதி. கத்தோலிக்கப் பங்குகளின் ஏடுகள் அந்தக் கட்டடத்துக்குப் போகவே இல்லை, அந்தந்தப் பங்குத்தந்தையின் வீட்டு அலமாரியில் இருந்தன. பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளும் வேறிடத்தில் இருந்ததால் தப்பின.

சென்சஸ் விஷயத்தில் தீயை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1861, 1871 சென்சஸ் தாள்களை அரசாங்கமே கணக்கை எடுத்துக்கொண்டு அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போரின்போது காகிதக் கூழாகிவிட்டன. தீக்கு முன் எடுத்தவற்றில் மிஞ்சி முழுசாக இருப்பவை 1901, 1911 இரண்டும்தான். இரண்டும் அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம்.

ஆகவே உங்களுக்கு உண்மையான தடை ஊர்ப்பெயர் தெரியாததுதான். "மேயோ" என்பது ஒரு மாவட்டம். 1840களில் அயர்லாந்தை உலுக்கிய பெரும் பஞ்சத்துக்கு முன் 1841இல் அங்கே 3 லட்சத்து 88 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். அதில் கெல்லியும் வால்ஷும் கேலகரும் எத்தனை வீடு என்று யோசித்துப் பாருங்கள். மதுரை மாவட்டத்துக் கருப்பையா என்ற குறிப்போடு ஒருவரைத் தேடப் புறப்படுவது போலத்தான். அதனால் இந்தத் தேடலில் இறங்குகிற எல்லாரிடமும் நான் முதலில் சொல்வது: ஊர்ப்பெயர் கையில் வரும்வரை கடல் தாண்டாதீர்கள். அந்தப் பெயர் பெரும்பாலும் இங்கிலாந்துத் தாள் ஒன்றில்தான் ஒளிந்திருக்கும்.

எனக்கு இதில் பழக்கம் வந்தது மருமகளால். அவள் குடும்பம் அயர்லாந்தின் கார்க் பகுதியிலிருந்து வந்தது. பேரன் பிறந்த வருடம் அவளுக்காகத் தேட ஆரம்பித்து, இப்போது வாரத்தில் ஒருநாள் எங்கள் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து மற்றவர்களுக்கு உதவுகிறேன். சொல்வதெல்லாம் அந்த அனுபவத்திலிருந்து.

முதலில் மாமியாரிடம் உட்காருங்கள். "நாம் எங்கிருந்து வந்தோம்" என்று கேட்டால் "மேயோ" என்றுதான் திரும்ப வரும். கேள்வியை மாற்றுங்கள். உங்கள் தாத்தாவுக்கு யார் கடிதம் எழுதுவார்கள்? சாவுக்கு வெளியூரிலிருந்து யார் வந்தார்கள்? வீட்டில் யாரை அத்தை என்று கூப்பிட்டீர்கள், அவர் எந்தத் தெருவில் இருந்தார்? அப்புறம் அலமாரி. கத்தோலிக்கக் குடும்பங்களில் இறந்தவர் நினைவாக அச்சடித்த சிறிய ஜெப அட்டைகளை ஜெபப் புத்தகத்துக்குள் செருகி வைப்பார்கள். தேதி, வயது, சில சமயம் பிறந்த பங்கின் பெயர் வரை அதில் இருக்கும். புகைப்படத்தின் பின்பக்கத்தைப் பாருங்கள், ஸ்டூடியோ முத்திரையில் ஊர் இருக்கும்.

அடுத்தது, இன்றிலிருந்து பின்னோக்கி ஒவ்வொரு படியாக. நடுவில் ஒரு படியையும் தாண்டக் கூடாது. 1939 செப்டம்பர் 29 அன்று, போர் தொடங்கிய கையோடு, இங்கிலாந்து முழுக்க வீடு வீடாக ஒரு பதிவேடு எடுத்தார்கள். அதில் பிறந்த தேதி முழுசாக இருக்கிறது. பின்னாளில் கல்யாணமான பெண்களின் புதுப் பெயரை அதே வரியில் மையால் எழுதியும் வைத்தார்கள். 1931 சென்சஸ் 1942இல் தீயில் போயிற்று, 1941இல் எடுக்கவே இல்லை. அதனால் இந்த 1939 பதிவேடு நமக்குப் பெரிய துணை. மாமியாரின் அப்பாவும் தாத்தாவும் அன்று உயிரோடு இருந்தால் பெரும்பாலும் இதில் கிடைத்துவிடுவார்கள். அங்கிருந்து 1921. இந்த சென்சஸில் மட்டும் எந்த முதலாளியிடம், எந்த இடத்தில் வேலை என்றும் கேட்டிருக்கிறார்கள். தாத்தா எந்த ஆலையில் நின்றார் என்பது பெயரோடு வரும். உங்கள் மகள் அந்தத் தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போகிறாள் என்றாலும் ஆச்சரியமில்லை.

1911 தாளில் மட்டும் அவசரப்படாமல் உட்காருங்கள். அதற்கு முந்தைய சென்சஸ்களில் நமக்குக் கிடைப்பது கணக்கெடுப்பவர் பார்த்து எழுதிய நகல். 1911இல்தான் வீட்டுக்காரர் தன் கையால் நிரப்பிய தாளே கிடைக்கிறது. கல்யாணமாகி எத்தனை வருடம், உயிரோடு பிறந்த பிள்ளைகள் எத்தனை, இருப்பவர் எத்தனை, இறந்தவர் எத்தனை என்று கட்டம் கட்டிக் கேட்டிருக்கிறார்கள். நூலகத்தில் ஒரு அம்மாவுக்காக நான் எடுத்த தாளில் 9, 5, 4 என்று இருந்தது. கீழே பெயர் எழுதும் இடத்தில் அந்தத் தகப்பன் ஒன்பது பெயரையும் எழுதியிருந்தார். இறந்த நான்கு பேரையும் மூத்தவர் இளையவர் வரிசையிலேயே, அவரவர் இடத்தில். அதிகாரி பிறகு சிவப்பு மையால் அந்த நான்கை அடித்திருந்தார். அடித்த கோட்டுக்கு அடியில் பெயர்கள் தெளிவாகப் படிக்கக் கிடைத்தன. வீட்டில் யாருக்கும் தெரியாத நான்கு பிள்ளைகள்.

சொந்தக் கையெழுத்து என்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. கணக்கெடுப்பவர் எழுதிய காலத்தில் ஐரிஷ்காரர் என்றால் "அயர்லாந்து" என்று ஒரே சொல்லோடு முடித்துவிடுவார்கள், விதியும் அவ்வளவுதான் கேட்டது. தானே எழுதும்போது மனிதர் தன் ஊரை எழுதிவிடுகிறார். 1911இல் அந்த மேயோக்காரர் உயிரோடு இருந்திருந்தால் உங்களுக்குப் பாதி வேலை அங்கேயே முடியலாம்.

முடியாவிட்டால் சான்றிதழ்களுக்கு வாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசுப் பதிவு 1837 ஜூலை 1இல் தொடங்கியது. பதிவுத் தலைமை அலுவலகத்தின் இணைய அட்டவணையில் 1837 முதலே குழந்தையின் பெயரோடு தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரையும் சேர்த்துத் தேடலாம். பழைய அச்சு அட்டவணையில் அது 1911க்கு அப்புறம்தான். இந்த ஒரு வசதியை வைத்தே ஒரு தம்பதியின் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக எடுத்துவிடலாம், பிறந்து சில நாளில் போனவர்கள் உட்பட. அட்டவணையில் காலாண்டு என்று இருப்பது பதிவு செய்த காலாண்டு. 42 நாள் அவகாசம் இருந்ததால் டிசம்பரில் பிறந்தவர் அடுத்த வருடம் மார்ச் காலாண்டில் இருக்கலாம். இதை மறந்து "காணவில்லை" என்று எழுந்து போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறப்புச் சான்றிதழில் பிறந்த நேரமும் எழுதியிருந்தால் பெரும்பாலும் இரட்டைப் பிள்ளை என்று பொருள், இன்னொரு பதிவைத் தேடுங்கள். திருமணச் சான்றிதழில் மாப்பிள்ளை, பெண் இருவருடைய அப்பாக்களின் பெயரும் தொழிலும் இருக்கும். அம்மாக்களின் பெயரை 2021 மே மாதம்தான் சேர்த்தார்கள், அதுவரை அந்தத் தாளில் அம்மாவுக்கு இடமே இல்லை.

அந்த இடத்தை நிரப்புவது கோவில் ஏடு. உங்கள் தேடலில் மிக முக்கியமான தாள் இதுதான் என்று நினைக்கிறேன். பிரஸ்டன் கத்தோலிக்கர் நிறைந்த ஊர். மாமியாரின் தாத்தாவுக்கு எந்தக் கோவிலில் ஞானஸ்நானம் என்று கண்டுபிடியுங்கள். லங்காஷயர் கோவில் ஏடுகளைத் தன்னார்வலர்கள் பெயர்த்தெழுதி இலவசமாகப் போட்டு வைத்திருக்கிறார்கள். மாவட்ட ஆவணக் காப்பகமும் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஏடு லத்தீனில் இருக்கும், பயப்பட வேண்டாம், நாலைந்து சொல் தெரிந்தால் போதும். குழந்தை பெயர், "ஃபிலியுஸ்" என்றால் மகன், "ஃபிலியா" என்றால் மகள், அப்பா பெயர், அம்மா பெயர், அதன் பக்கத்தில் "ஓலிம்" என்று ஒரு சொல். ஓலிம் என்றால் "முன்பு". அதற்கு அடுத்து வருவது அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர். ஜேம்ஸ் அங்கே யாகோபுஸ் ஆகியிருப்பார், வில்லியம் குலியெல்முஸ் ஆகியிருப்பார்.

அதற்குக் கீழே ஞானத்தந்தை, ஞானத்தாய். இந்த இரண்டு பெயரைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். ஊரை விட்டு வந்த ஏழை, தன் பிள்ளைக்கு ஞானப்பெற்றோராக முன்பின் தெரியாதவரைக் கூப்பிட மாட்டான். தம்பியையோ, மச்சினியையோ, அதே ஊரிலிருந்து வந்த பக்கத்து வீட்டுக்காரனையோதான் கூப்பிடுவான். ஆறு பிள்ளைகளின் ஞானஸ்நானத்தையும் எடுத்தால் பன்னிரண்டு பெயர் வரும். அந்தப் பன்னிரண்டு பேரையும் இங்கிலாந்தின் 1881, 1891 சென்சஸில் தேடுங்கள். ஒருவருக்காவது "மேயோ, ஸ்வின்ஃபோர்ட்" என்பது போல ஊரும் சேர்த்து எழுதியிருக்க வாய்ப்பு உண்டு. ஸ்வின்ஃபோர்டைச் சும்மா சொல்லவில்லை. கிழக்கு மேயோவின் அந்தப் பக்கத்து ஆட்கள் வருடா வருடம் அறுவடைக் கூலிக்கு இங்கிலாந்து வந்து போனவர்கள், அந்தத் தடத்தில் வந்து ஆலைகளில் தங்கிவிட்ட குடும்பங்கள் ஏராளம். 1908 ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் செய்த கத்தோலிக்கர் என்றால் ஞானஸ்நான வரியின் ஓரத்திலேயே எங்கே, யாரோடு கல்யாணம் என்று பின்னால் குறித்து வைக்கும் வழக்கமும் வந்தது. ஓரக் குறிப்பை விடாதீர்கள்.

நிறையப் பேர் முதலில் கேட்பது கப்பல் பட்டியல். இங்கே அது இல்லை. 1801 முதல் அயர்லாந்தும் பிரிட்டனும் ஒரே நாடு என்ற கணக்கு, அதனால் டப்ளினிலிருந்து லிவர்பூலுக்கு வருவது உள்நாட்டுப் பயணம். பஞ்சத்தின் மோசமான வருடமான 1847இல் மட்டும் ஏறத்தாழ 3 லட்சம் ஐரிஷ்காரர்கள் லிவர்பூலில் வந்து இறங்கினார்கள், யாருடைய பெயரையும் யாரும் எழுதி வைக்கவில்லை. பட்டாள ஆவணம், ஏழையர் விடுதிப் பதிவேடு, உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த இறப்புச் செய்தி, கல்லறைக் கல் என்று மற்ற இடங்களையும் தட்டிப் பாருங்கள். முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோப்புகளில் பாதிக்கு மேல் 1940 குண்டுவீச்சில் எரிந்துவிட்டன. கிடைத்தால் அதிர்ஷ்டம்.

பட்டாளம் என்றதும் ஒன்று. பழைய சென்சஸில் யாருக்காவது பிறந்த ஊர் "மதராஸ்" என்று வந்தால் திகைக்க வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் ஐரிஷ்காரர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள். ராயல் மதராஸ் ஃபுசிலியர்ஸ் படையைத்தான் 1881இல் பம்பாய்ப் படையோடு சேர்த்து ராயல் டப்ளின் ஃபுசிலியர்ஸ் என்று ஆக்கினார்கள். மதராஸ் மாகாணக் கோவில்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் பற்றிய நகல்கள் 1698 முதல் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சென்னை ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தங்கள் ஐரிஷ் வேரைத் தேடும்போது போய் நிற்கும் இடமும் அதுதான்.

சரி, ஊர்ப்பெயர் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இப்போது கடல் தாண்டலாம். அயர்லாந்தில் நிலத்தின் கடைசிப் பிரிவு டவுன்லேண்ட். பெயரில் டவுன் இருந்தாலும் நகரமில்லை, நம் ஊர்ப் பட்டி, குக்கிராமம் போன்றது. நாடு முழுக்க 60,000க்கு மேல் உண்டு. ஒரே பெயரில் பல மாவட்டங்களில் இருக்கும், அதனால் அரசு நிர்வாகத்துக்கான சிவில் பங்கு, கத்தோலிக்கப் பங்கு, பதிவு மாவட்டம் மூன்றையும் சேர்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்றின் எல்லையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது.

அயர்லாந்தில் எல்லாருக்குமான அரசுப் பதிவு 1864 ஜனவரி 1இல்தான் தொடங்கியது. கத்தோலிக்கர் அல்லாதோர் திருமணம் மட்டும் 1845 முதல். உங்கள் மேயோக்காரர் 1856 வாக்கில் பிறந்தவர் என்றால் அவருக்குப் பிறப்புப் பதிவு இருக்காது. இங்கேதான் நிறையப் பேர் கையை விரித்துவிடுகிறார்கள். அவருடைய தங்கையைத் தேடுங்கள்! அவர் மூத்தவர் என்றால் தம்பி தங்கைகள் 1864க்குப் பிறகு பிறந்திருப்பார்கள். அந்தப் பதிவில் டவுன்லேண்ட், அப்பா பெயர், தொழில், அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயர் எல்லாம் இருக்கும். பிரஸ்டன் கோவில் கல்யாண ஏட்டில் கிடைத்த பெற்றோர் பெயரோடு இது பொருந்தினால் நீங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டீர்கள். நூறு வருடம் தாண்டிய பிறப்பு, 75 வருடம் தாண்டிய திருமணம், 50 வருடம் தாண்டிய இறப்பு ஆகியவற்றின் பதிவேட்டுப் பக்கங்களை அயர்லாந்து அரசே இலவசமாகப் படமாகப் போட்டிருக்கிறது. ஒரு எச்சரிக்கை: தாமதமாகப் பதிந்தால் அபராதம் என்பதால் பெற்றோர் பிறந்த தேதியைத் தள்ளிச் சொல்வார்கள். ஞானஸ்நானம் பிறப்புக்கு முன்னால் நடந்ததாகத் தெரிந்தால் கோவில் ஏட்டை நம்புங்கள்.

கத்தோலிக்கப் பங்கு ஏடுகள் பெரும்பாலும் 1880 வரை அயர்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் 2015 முதல் இலவசமாக இருக்கின்றன. மேற்கே பல பங்குகளில் ஏடு தாமதமாகத்தான் தொடங்குகிறது, 1800க்கு முன்னால் போவது அரிது. கல்யாணம் பெரும்பாலும் பெண்ணின் பங்கில் நடக்கும், அதனால் பக்கத்துப் பங்குகளையும் பாருங்கள்.

நிலத்துக்கு வந்தால் நமக்குப் பழகிய விஷயம், பட்டாவும் அடங்கலும்தான். ரிச்சர்ட் கிரிஃபித் என்பவர் தலைமையில் 1847 முதல் 1864 வரை நாடு முழுக்க வரிக்காக நிலத்தை மதிப்பிட்டு அச்சிட்டார்கள். யார் குடியிருப்பு, யார் நிலச்சுவான்தார், எத்தனை ஏக்கர், வீடு உண்டா, வரைபடத்தில் எந்த எண் எல்லாம் அதில் இருக்கிறது. மேயோவில் அது 1850களின் நடுவில் நடந்தது, உங்கள் ஆளின் அப்பா அதில் இருக்க வேண்டும். ஒரே பட்டியில் மூன்று ஜான் வால்ஷ் இருந்தால் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் அப்பா பெயரைப் போட்டுப் பிரித்திருப்பார்கள். நாம் இன்ஷியல் போடுகிற அதே காரணம். அப்புறம் வந்த ஒவ்வொரு மாற்றத்தையும் திருத்தப் புத்தகங்களில் வருடத்துக்கு ஒரு நிற மையால் பழைய பெயரை அடித்துப் புதிய பெயரை எழுதினார்கள். பட்டா மாறுதல் போலப் படித்துக்கொண்டே போகலாம். அப்பா எந்த வாக்கில் இறந்தார், நிலம் எந்த மகனுக்குப் போயிற்று, நிலம் கிடைக்காத மகன்தான் பிரஸ்டனுக்கு வந்தானா என்பதெல்லாம் அந்த நிறங்களில் தெரியும்.

இன்னும் ஒரு அழகான ஆவணம் நாய் உரிமப் பதிவேடு. 1866 முதல் அயர்லாந்தில் நாய் வளர்க்க உரிமம் எடுக்க வேண்டும். சொந்தக்காரர் பெயர், டவுன்லேண்ட், நாயின் நிறம் வரை வருடா வருடம் எழுதியிருக்கிறார்கள். 1870களில் ஒரு குடியானவன் எந்தப் பட்டியில் இருந்தான் என்பதற்குச் சென்சஸ் இல்லாத குறையை அந்த நாய் தீர்த்துவைக்கும்.

ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணன் தம்பியை 1901, 1911 சென்சஸில் பாருங்கள். குடும்பத் தாளில் "படிக்கத் தெரியாது" என்றும், மொழிக் கட்டத்தில் "ஐரிஷ், ஆங்கிலம்" என்றும் இருக்கும். கூடவே வீட்டுக்கென்று தனித் தாள் உண்டு, அதைத் திறக்காமல் விடாதீர்கள். சுவர் கல் என்றால் 1, மண் என்றால் 0. கூரை ஸ்லேட் என்றால் 1, வைக்கோல் என்றால் 0. அறை எத்தனை, முன்பக்கம் ஜன்னல் எத்தனை. எல்லாம் கூட்டி வீட்டின் தரம். இன்னொரு தாளில் மாட்டுக்கொட்டில், பன்றிக்கொட்டில், கோழிக்கூண்டு. மருமகளின் பாட்டனாருடைய வீட்டுக்கு முன்பக்கம் இரண்டு ஜன்னல், வைக்கோல் கூரை, ஒரு மாட்டுக்கொட்டில், ஒரு பன்றிக்கொட்டில் என்று இருந்தது. அதை வைத்து என் பேரன் ஒரு படம் வரைந்தான், இன்றும் அவர்கள் குளிர்பதனப்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது.

இந்த இரண்டு சென்சஸையும் ஒப்பிட்டால் பத்து வருடத்தில் பதினைந்து, பதினாறு வயது கூடியவர்களைப் பார்ப்பீர்கள். தவறான ஆள் என்று தள்ளிவிடாதீர்கள். 1909 ஜனவரி 1 முதல் 70 வயதானவர்களுக்கு அரசு ஓய்வூதியம் வந்தது, வாரம் 5 ஷில்லிங். அந்தத் தலைமுறைக்குப் பிறப்புப் பதிவே கிடையாது. 1839 ஜனவரி 6 இரவு அடித்த பெரும் புயல் நினைவிருக்கிறது என்று சொல்லி வயதை நிரூபித்தவர்கள் பலர். மற்றவர்கள் 1841, 1851 சென்சஸில் தங்கள் பெயரைத் தேடித் தரச் சொல்லி மனுப் போட்டார்கள். அதிகாரிகள் தேடி எழுதிய சீட்டுகள் பிழைத்திருக்கின்றன. எரிந்துபோன சென்சஸின் சில வரிகள் இப்படி ஒரு கிழவனின் ஓய்வூதிய மனுவில் உயிரோடு இருக்கின்றன. உங்கள் ஆளின் பெரியப்பாவோ அத்தையோ மனுப் போட்டிருக்கலாம், பாருங்கள். எரிந்தவற்றுக்கு நகல் எங்கெங்கே இருக்கிறதென்று உலகம் முழுக்கத் தேடிச் சேர்த்து, தீயின் நூறாவது ஆண்டான 2022இல் ஒரு மெய்நிகர் காப்பகமும் தொடங்கியிருக்கிறார்கள். அதுவும் இலவசம்.

பெயர் விஷயத்தில் கண்டிப்பு வேண்டாம். எழுதத் தெரியாதவர் சொன்னதை ஆங்கில எழுத்தர் தன் காதுக்கு எட்டியபடி எழுதினார். குடும்பப்பெயருக்கு முன்னால் இருக்கும் "ஓ" வரும், போகும். மெக்கோவன் என்ற பெயர் கொல்லரைக் குறிப்பதால் சிலர் ஸ்மித் என்றே ஆகிவிட்டார்கள். பிரிட்ஜெட் என்று ஞானஸ்நானம் பெற்றவள் டெலியா என்று வாழ்ந்திருப்பாள், நோராவும் ஹொனோராவும் ஒருத்தியே. முதற்பெயரில் மட்டும் ஒரு ஒழுங்கு உண்டு. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவின் அப்பா பெயர், மூத்த மகளுக்கு அம்மாவின் அம்மா பெயர். எல்லா வீட்டிலும் இல்லை, ஆனால் பல வீட்டில். பாட்டன் பெயரைத் தாங்குவதால் பெயரன், அதுவே பேரன் என்று ஆன மொழிக்காரர்கள் நாம், இதை உங்கள் மகளுக்கு விளக்க ஒரு நிமிடம் போதும். பிரஸ்டனில் மூத்த மகனுக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று பார்த்தால் மேயோவில் எந்தப் பெயரை முதலில் தேடலாம் என்று ஓரளவு தெரியும்.

நார்ஃபோக் பக்கம் உங்களுக்கு எளிது, சுருக்கமாகச் சொல்கிறேன். 1851 சென்சஸ் வரை போங்கள், பிறந்த ஊர் பெயரோடு இருக்கும். 1841இல் பெரியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதினார்கள், 34 வயதுக்காரர் 30 ஆகியிருப்பார். அதற்கு முன்னால் ஊர்க் கோவில் ஏடு. 1538இல் தாமஸ் க்ராம்வெல் உத்தரவில் தொடங்கியது, எல்லா ஊரிலும் அவ்வளவு பழையது பிழைக்கவில்லை. 1754 முதல் திருமணத்துக்குத் தனி ஏடு, ஓலை வாசித்த (கல்யாணத்துக்கு முன் கோவிலில் அறிவித்த) விவரத்தோடு. 1813 முதல் அச்சிட்ட படிவம், அப்பாவின் தொழிலும் சேரும். 1752க்கு முன் அவர்களுக்கு வருடப் பிறப்பு மார்ச் 25, ஆகவே ஏட்டில் 1720 பிப்ரவரி என்றால் நம் கணக்கில் 1721. கூலிக்காரர் குடும்பம் என்பதால் ஏழையர் சட்டத் தாள்களைக் கட்டாயம் பாருங்கள். பிழைப்பில்லாமல் உதவி கேட்டவன் எந்த ஊருக்குப் பாத்தியப்பட்டவன் என்று நீதிபதிகள் விசாரித்து எழுதிய வாக்குமூலங்கள் அவை. எங்கே பிறந்தேன், யாரிடம் எத்தனை வருடம் கூலிக்கு நின்றேன் என்று ஒரு கூலி தன் வாழ்க்கையைச் சொல்லியிருப்பான். பெரிய மனிதர் வீட்டில்கூட இப்படி ஒரு ஆவணம் கிடைக்காது. அப்பா பெயரில்லாத பிள்ளை என்றால் நடுப்பெயரைக் கவனியுங்கள். அது ஒரு குடும்பப்பெயர் போல இருந்தால் பல சமயம் அதுதான் அப்பாவின் குடும்பப்பெயர்.

உறவுச் சொற்களில் ஆங்கிலம் மெத்தனம். பழைய சென்சஸில் மருமகன் என்று பொருள்படும் சொல்லை மனைவிக்கு முதல் கணவர் வழியில் பிறந்த பிள்ளைக்கும் போட்டிருப்பார்கள். கசின் என்றால் யாராகவும் இருக்கலாம். உங்கள் மரத்தில் அத்தை மகன், சித்தப்பா மகள், ஒன்றுவிட்ட பாட்டி என்று தமிழிலேயே குறித்துக்கொள்ளுங்கள். எந்த வழி உறவு என்று யோசிக்க வேண்டியிருப்பதால், தெரியாத இடம் உடனே தெரிந்துவிடும்.

மற்றவர் போட்டு வைத்த மரங்களைத் துப்பாக மட்டும் எடுங்கள். நானே ஏழு மாதம் தவறான ஜான் சல்லிவனைப் பின்தொடர்ந்தேன். ஒரே பதிவு மாவட்டம், ஒரே வருடம், இரண்டு பிள்ளைகளுக்கும் அதே பெயர். ஒரு மரத்தில் ஒருவரைப் போட்டிருந்ததால் நானும் அவரையே எடுத்து மூன்று தலைமுறை மேலே போய்விட்டேன். பிறகு ஒருநாள் இறப்புப் பதிவைப் புரட்டும்போது அந்தப் பிள்ளை இரண்டு வயதில் அம்மையில் இறந்தது தெரிந்தது. அன்று மருமகளிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது, அந்தப் பெயர்களை அவள் தன் அம்மாவுக்கு எழுதி அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து ஒருவரை எடுக்குமுன் சிறு வயது இறப்பில் அவர் இல்லை என்று உறுதி செய்துகொள்கிறேன், ஒரே பெயரில் இருவர் இருந்தால் இரண்டு சான்றிதழையும் வாங்குகிறேன்.

டிஎன்ஏ சோதனை எடுக்கலாம், மாமியார் எடுப்பதுதான் நல்லது. கணவர் எடுத்தால் ஒரு தலைமுறை தள்ளிப்போய் அந்த ஐரிஷ் பங்கு பாதியாகிவிடும். மேயோவிலேயே தங்கிய தம்பியின் கொள்ளுப்பேத்தி ஒருத்தி பொருந்தி வந்தால் ஊர்ப்பெயர் ஒரே கடிதத்தில் கிடைத்துவிடும். தூரத்து உறவில் பொருத்தம் காட்டாமலே போவதும் இயல்பு, அதை வைத்து உறவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். குடும்பப்பெயருக்கான கேடயச் சின்னம் என்று விற்பதை வாங்காதீர்கள். அந்தச் சின்னம் தனி மனிதருக்கும் அவர் வாரிசுக்கும் கொடுத்தது, பெயர் ஒன்றாக இருப்பதால் யாருக்கும் சொந்தமாகாது.

பணம் கட்டும் தளங்களில் உடனே சேர வேண்டாம். இங்கே பல பொது நூலகங்களில் அவற்றை இலவசமாகப் பார்க்க விடுகிறார்கள், உங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள். இந்த வாரம் மாமியாரோடு உட்கார்ந்து அவருடைய தாத்தாவின் திருமணச் சான்றிதழை மட்டும் வரவழையுங்கள். அதில் கோவில் பெயர் இருக்கும். அந்தக் கோவில் ஏட்டில் தொடங்குங்கள். லத்தீன் கையெழுத்து பிடிபடாவிட்டால் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள், ஞானப்பெற்றோர் பெயர் வரும் கீழ்ப்பகுதியையும் சேர்த்து. படித்து எழுதுகிறேன்.